இரைச்சலும் நேர்மையும்

எலெக்ட்ரிக் கிதாருக்கு இயற்கையான குரல் என்று ஒன்று கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஆக்டிவ் பிக்-அப்பா, பாசிவ் பிக்-அப்பா என்று விவாதிக்கிறவர்களில் பெரும்பாலோர், களங்கமற்ற ஒலி ஒன்று ஆதியில் இருந்ததாகவும், பாட்டரி வந்து அதைக் கெடுத்துவிட்டதாகவும் - அல்லது மீட்டுவிட்டதாகவும் - ஊகித்துக்கொண்டே பேசுகிறார்கள். கெட்டிமர கிதாரில் ஒலிக்கூடு இல்லை. ஒலிபெருக்கியின் சப்தம் கூட்டுக்குள் புகுந்து மறுபடி மறுபடி சுழன்று ஊளையிடுவதைத் தவிர்ப்பது அந்தக் கெட்டி உடலின் காரியங்களில் ஒன்று. அதாவது, உடல் கூடியவரை வாய்மூடி இருக்க வேண்டும் என்பதே அதன் லட்சணம். அந்த உடலின் மேல், தந்திகளுக்கு அடியில், ஒரு காந்தமும் அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செம்புக் கம்பியும். எஃகுத் தந்தி அதிர்கையில் காந்தப்புலம் கலைகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831ல் ஃபாரடே கண்டதற்கு மேல் இதில் ரகசியம் எதுவுமில்லை. பிக்-அப் அறிவது உலோகத்தின் அசைவை மட்டுமே. காது என்று நாம் நம்பும் உறுப்பு ஒலியைக் கேட்பதே இல்லை.

ஆனால் அதே சுருள் அறையில் இருக்கும் மற்றவற்றையும் வாங்கிக்கொள்கிறது. சுவரிலோடும் மின்கம்பி, டிரான்ஸ்பார்மர், விளக்கு - அமெரிக்காவில் வினாடிக்கு 60 அதிர்வு, ஐரோப்பாவில் 50. ஒற்றைச் சுருள் பிக்-அப்பின் முனகல் இதுதான். கிப்ஸன் கம்பெனியில் ஸெத் லவர் 1955ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் இதற்கு ஒரு விடை: இரண்டு சுருள்கள், எதிரெதிராக, வெளியிலிருந்து வரும் முனகல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தந்தியின் குறி மட்டும் கூடுகிறது. ஆனாலும் சுற்றுகள் அதிகமாகவே இருந்தன. ஆகவே மின்மறுப்பும் அதிகம். நீண்ட கேபிளில் உச்ச ஸ்வரங்கள் தேய்ந்துபோயின. தன் பெயரில் உலகப்புகழ் பெற்ற கிதாரைக் கொண்ட லெஸ் பால், அந்தக் கிதாரின் பிக்-அப்பை ஒருபோதும் முழுமனதோடு ஏற்றவரில்லை என்பது ஒரு வேடிக்கை. குறைந்த மின்மறுப்பே அவர் கட்சி. 1969லும் 1971லும் அவர் விருப்பப்படி கிப்ஸன் செய்த கிதார்கள் பரவலாக எடுபடவில்லை.

1976ல் கலிஃபோர்னியாவில் ராப் டர்னர் ஆரம்பித்து, பின்னால் ஈஎம்ஜி என்று பெயர் பெற்ற நிறுவனம் இன்னொரு வழியில் போயிற்று. சுற்றுகளைக் குறைத்து, பிறக்கும் மெலிந்த குறியை அங்கேயே, பிக்-அப்பின் உறைக்குள்ளேயே, ஒரு சிறு பெருக்கியால் நிமிர்த்துவது. அதற்கு 9 வோல்ட் பாட்டரி. இனி கேபிள் எவ்வளவு நீளமானாலும் கவலையில்லை. முனகலும் ஏறக்குறைய இல்லை.

இங்கேதான் கேள்வி எழுகிறது. பாசிவ் கிதாரில் பாலத்திலிருந்து ஒரு கம்பி பூமித்தொடர்புக்குப் போகிறது. வாசிப்பவன் தந்தியைத் தொட்டவுடன் இரைச்சலின் ஒரு பகுதி அடங்குகிறது. கையை எடுத்தால் திரும்ப எழுகிறது. அவன் உடலே ஒரு ஆன்டெனா. தொடுகையில் அதுவே திரையாகவும் மாறுகிறது. ஈஎம்ஜி வகையில் அந்தக் கம்பி தேவையில்லை, இணைக்க வேண்டாம் என்றே சொல்கிறார்கள். பாதுகாப்பு நோக்கில் இது மேலானதுகூட - மேடையில் பழுதான மைக்கை உதட்டால் தொட்டு அதிர்ச்சி வாங்கியவர்களுக்குத் தெரியும். ஆனால் வாசிப்பவனின் உடல் மின்சுற்றிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது. வேறொன்றும் விலகுகிறது. பாசிவில் வால்யூம் குமிழைக் குறைத்தால் உச்ச ஸ்தாயியும் மங்குகிறது. கேபிளின் நீளம் தொனியின் நிறத்தை மாற்றுகிறது. ஒவ்வொன்றும் மற்றொன்றைப் பாதிக்கும் ஒரு கூட்டுக்குடும்பம். ஆக்டிவில் சிறு பெருக்கி நடுவில் நின்றுகொண்டு, பின்னால் நடக்கும் எதுவும் முன்னால் எட்டாதபடி செய்கிறது. பாதிக்கப்படாமல் கேட்கும் கேட்பவன். அது நற்குணமா, குறையா?

பாசிவ் கட்சிக்காரர்கள் குறையென்பார்கள். ஆக்டிவ் ஒலிக்கு 'உயிரில்லை' என்பது அவர்கள் வழக்கமான தீர்ப்பு. இந்தத் தீர்ப்பில் எனக்குச் சந்தேகம் உண்டு. முனகலை உண்மையின் அடையாளமாகக் கொள்வது, மங்கிய அச்சையும் ஒட்டாத அட்டையையும் ஒரு பத்திரிகையின் நேர்மைக்குச் சாட்சியாக வைப்பது போன்றதுதான். (நம் வட்டத்தில் இது நடக்காமலில்லை.) முனகலை வாசிப்பவன் தேர்ந்தெடுக்கவில்லை. மின்வாரியம் அவனுக்குக் கொடுத்தது. தம்பூராவின் தந்திக்கடியில் நூலைச் செருகி, இழைந்து வரும் கூர்மையைத் தேடி நகர்த்துகிறார்களே, அது வேறு. அங்கே இரைச்சல் ஒருவன் காதின் பொறுப்பு.

ஹெவி மெட்டல் இசையில் நடந்தது இதற்கு நெருக்கமானது. ஆம்ப்ளிஃபையரைத் திணறும்வரை ஏற்றும்போது தந்தியின் குறியோடு முனகலும் அதே மடங்கு பெருகுகிறது. அந்த இசையில் அடிகளுக்கிடையே வெட்டிவிடும் மௌனம்தான் தாளம். மௌனத்தில் முனகல் நிரம்பினால் தாளமே இல்லை. மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் கர்க் ஹாமெட்டும் ஈஎம்ஜி 81ஐப் பற்றிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. மிகச் சுத்தமான பிக்-அப் மிகக் கரடான ஓசைக்குச் சேவகம் செய்கிறது. வந்து சேரும் இரைச்சலை வெளியேற்றியபின், வேண்டிய இரைச்சலைத் தானே செய்துகொள்கிறான்.

இதனால் ஆக்டிவ் கட்சி ஜெயித்துவிட்டதென்று கொள்ள வேண்டாம். பெயர்களே நம்மை ஏமாற்றுகின்றன. 'பாசிவ்' என்பது மின்னியலில் வெளிச்சக்தி வேண்டாதது என்று மட்டுமே பொருள்படும். ஆகவே அந்தக் கேபிளில் ஓடும் அற்ப மின்சாரம் முழுக்க விரலின் உழைப்பு. ஆக்டிவில் விரல் கட்டளையிடுகிறது, பாட்டரி உழைக்கிறது. ஆனால் இந்த நியாயத்தையும் ரொம்ப தூரம் இழுக்க முடியாது. கேபிளின் மறுமுனையில் ஆம்ப்ளிஃபையர் சுவரிலிருந்து சக்தியை எடுத்துத்தான் பேசுகிறது. கடன் எல்லோரும் வாங்குகிறார்கள்; எந்த இடத்தில் என்பதில்தான் வேற்றுமை. தன் நுண்மைகளைக் குமிழின் கால் திருப்பில் வைத்திருப்பவன் கடனைத் தள்ளிப்போடுவது நல்லது. மௌனத்தைக் கத்தியால் நறுக்க வேண்டியவன் உடனே வாங்கிவிடலாம்.

இந்த விதியையும் மீறுகிறவர்கள் உண்டு. பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மர், ஒரு ஸ்வரத்தை நிதானமாக இழுத்து வளைத்து அதிலேயே தங்கும் வாசிப்புக்காரர், 1994ன் சுற்றுப்பயணம்வரை பல வருஷங்கள் ஈஎம்ஜி பொருத்திய சிவப்பு ஸ்ட்ராடோகாஸ்டரை வாசித்தார். 2005ல் லண்டன் லைவ் 8 மேடையில் பாசிவ் பிக்-அப் கொண்ட பழைய கறுப்புக் கிதாரோடு வந்து நின்றார். அவர் எடுத்தது வேறொரு கிதார். ஒரே கிதாரை வைத்திருப்பவன் திரும்பிவர நினைத்தால் குமிழ்களை மாற்றி, பாட்டரியைக் கழற்றி, முன்பு அறுத்துவிட்ட பாலத்துக் கம்பியை மறுபடி பற்றவைக்க வேண்டும்.