உள்ளம் ஒன்று; உரிமை?

குமாரபாளையத்துத் தறிப்பட்டறைகளிலே ஓசை ஓய்வதில்லை. பாவும் ஊடையும் கூடித் துணியாகிறது, துணி விலையாகிறது, விலை சேர்ந்து, காவிரிக்கரையிலே ஒரு சிறு வீடாகிறது. அந்த வீட்டிலே இருவர் வாழ்வதாகக் கொள்வோம். தாலி இல்லை, மாலை இல்லை, பதிவேட்டிலே கையெழுத்தும் இல்லை. ஆயினும் பதினைந்தாண்டுகள், ஒருவர் உழைப்பிலே மற்றவர் பங்கு கொண்டு, ஒருவர் நோயிலே மற்றவர் கண்விழித்து வாழ்ந்தனர். ஊர் ஏதேதோ பேசிற்று, அவர்கள் பொருட்படுத்தவில்லை. வீடும் பட்டறையும் அவன் பெயரில் இருந்தன.

ஒருநாள் அவன் மறைந்தான். வாழ்ந்தபோது எட்டிப்பாராத உடன்பிறந்தார், சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் சாவியைக் கேட்டனர். "நான் அவரோடு வாழ்ந்தவள்" என்றாள் அவள். "இருக்கலாம். நீ அவருக்கு யார்?" என்று கேட்டது சட்டம்.

இக்கேள்வி தமிழகத்துக்குப் புதிதன்று, தோழர்களே! புரோகிதரை விலக்கி, பெரியோர் முன்னிலையிலே மாலை மாற்றிக்கொண்ட சுயமரியாதைத் திருமணங்களைச் சட்டப்படி செல்லாதவை என்று 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறிற்று. ஊரறிய மணந்தோரே சட்டத்தின் முன் மணமாகாதோர் ஆயினர்! அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்திலே 7-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, முன்பு நடந்த அத்தகைய மணங்களும் செல்லுபடியாயின. இடைப்பட்ட காலத்திலே எத்தனை நெஞ்சங்கள் நடுங்கியிருக்கும்! ஊரார் நாவிலே உள்ள உறவு வேறு, சட்டத்தின் ஏட்டிலே உள்ள உரிமை வேறு என்பதே அன்று நாம் கற்ற பாடம்.

மணமின்றி இணைந்து வாழ்வோர் அப்பாடத்தை மறக்கலாகாது. அப்படி வாழ்வது குற்றமன்று என்று 2010-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டமும், திருமணத்தை ஒத்த உறவிலுள்ள பெண்ணுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் சொத்துரிமை? 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பட்டியலிலே மகன் உண்டு, மகள் உண்டு, தாய் உண்டு, மணந்த மனைவி உண்டு. உடன் வாழ்ந்த துணை இல்லை. நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தோரை மணமக்கள் எனக் கருதலாம் என்று நீதிமன்றங்கள் கூறியிருப்பது உண்மைதான். ஆனால் அதனை மெய்ப்பிக்க, கண்ணீர் காயுமுன் நீதிமன்றப் படியேற வேண்டுமே!

பெண் பெயரிலே சொத்திருந்தால் நிலைமை இன்னும் விந்தை. முதற்கணவன் கைவிட்டுப் போனான். மணமுறிவு மட்டும் பெறவில்லை. அவள் தன் உழைப்பால் சேர்த்ததற்கும் அந்தக் கணவனே வாரிசாகிறான்! கணவன் இறந்ததும் புகுந்த வீட்டார் துரத்திவிட்ட ஒரு பெண், பின்னர்த் தானே உழைத்துச் சேர்த்த பொருள், அவள் மறைவுக்குப் பின் அந்தப் புகுந்த வீட்டாருக்கே உரியது என 2009-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்தது. காரணம், அவள் உயில் எழுதவில்லை.

"வங்கியிலே நாமினியாகப் பெயர் கொடுத்திருக்கிறேனே" என்பார் சிலர். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். உரிமை வாரிசுக்கே என்று பல தீர்ப்புகள் உள்ளன.

"அன்பு இருக்குமிடத்திலே பத்திரம் எதற்கு?" என்பார் வேறு சிலர். உயில் அன்பை ஐயுறும் ஏடன்று. அன்பு பேச இயலாத நாளிலே அதற்காகப் பேசும் வாய். "பெற்ற தாயை மறப்பதோ?" என்று கேட்பதும் முறையே. உயில் இல்லையேல், பிள்ளையில்லாத அவன் பொருள் முழுவதும் தாய்க்கு, துணைக்கு ஒன்றுமில்லை. உயில் இருந்தாலோ, தாய்க்கு இன்னது, துணைக்கு இன்னது என்று நடுநிலையோடு பகுத்து வைக்கலாம்.

செய்வது அரிதா? முத்திரைத்தாள் வேண்டா. 18 வயது நிரம்பிய, தெளிந்த அறிவுடையவர் எழுதிக் கையொப்பமிட, குறைந்தது இருவர் சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். பயன் பெறுவோரைச் சாட்சியாக்காதிருத்தல் நன்று. பதிவு கட்டாயமன்று, சார்பதிவாளர் அலுவலகத்திலே பதிந்துவைத்தால் ஐயம் கிளப்புவோர் வாய் பெரிதும் அடங்கும். உயிரோடிருக்கும் வரை மாற்றவும் செய்யலாம்.

சடங்கைத் துறப்பது உரிமை. ஆனால் சடங்கு ஒரு பாதுகாப்பையும் தந்துவந்தது. அதனைத் துறந்தவர், அந்தப் பாதுகாப்பைத் தம் கையாலேயே ஆக்கித்தரக் கடமைப்பட்டவர். ஊரை எதிர்த்து வாழும் துணிவு உடையோரே! உம்மை நம்பி ஊரை எதிர்த்தவரைத் தெருவிலே நிறுத்திச் செல்லாதீர். ஒரு தாள் எடுங்கள், இன்றே எழுதுங்கள்!