வாரம் ஒரு பென்னி

1832-ல் லிவர்பூலில் காலரா பரவியபோது, டெனிசன் தெருவில் கிட்டி வில்கின்சன் வீட்டு அடுப்பில் ஒரு பெரிய கொப்பரை இருந்தது. அக்கம்பக்கத்தில் வேறு யாருக்கும் அந்த வசதி இல்லை. கிட்டி, அயர்லாந்தில் பிறந்து சிறு வயதிலேயே லிவர்பூலுக்கு வந்த ஏழைப் பெண். கணவர் டாம் பஞ்சுக் கிடங்கில் சுமை தூக்குபவர். நோயாளி படுத்த துணிகளை எடுத்து வந்து இங்கேயே வேகவைத்துக்கொள்ளுங்கள் என்று கிட்டி அண்டை வீட்டாரை அழைத்தார். செலவுக்கு வாரம் ஒரு பென்னி. குளோரைடு சுண்ணாம்பும் போட்டார்கள். நம் ஊரில் மழை முடிந்ததும் தெருவோரம் தூவுகிறார்களே, அந்த பிளீச்சிங் பவுடர்தான் அது.

கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று பெரும்பாலான மருத்துவர்களே நம்பிய காலம். கிட்டிக்கும் கிருமி பற்றி எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. கொதிநீர் மட்டும் தன் வேலையைச் செய்தது.

சுத்தமாக இருங்கள் என்று ஏழைக்குப் புத்தி சொல்ல எப்போதும் ஆள் உண்டு. நிலவறையில் குடும்பம் நடத்துபவள் எதில் வெந்நீர் வைப்பாள், கரிக்கு எங்கே போவாள், ஈரத்துணியை எங்கே காயப்போடுவாள்? கிட்டி புத்தி சொன்னதாகத் தெரியவில்லை, கொப்பரையைக் கொடுத்தார்.

பத்து ஆண்டு கழித்து, 1842-ல், ஃபிரெடரிக் தெருவில் நகராட்சியே பொதுக் குளியலறையும் சலவைக்கூடமும் திறந்தது. 1846-ல் அதன் பொறுப்பு கிட்டியிடமும் டாமிடமும் வந்தது. மறு ஆண்டு, பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து லட்சக்கணக்கானோர் கப்பலேறி வந்து இறங்கினார்கள். கூடவே டைஃபஸ் காய்ச்சல். நோயாளிகளைப் பார்க்கப் போன கத்தோலிக்கப் பாதிரியார்களில் பத்துப் பேர் இறந்தார்கள். நகரத்தின் சுகாதார அதிகாரியாக டாக்டர் டங்கன் பதவியேற்றதும் அந்த 1847-ல்தான். நாட்டிலேயே அப்படியொரு பதவி அதுவே முதல்.

டைஃபஸைப் பரப்புவது உடைப்பேன் என்று தெரிய 1909 ஆகிவிட்டது. துனிஸ் மருத்துவமனையில் மருத்துவர் சார்ல் நிக்கோல் ஒன்றைக் கவனித்தார்: குளிப்பாட்டி உடை மாற்றி வார்டுக்குள் அனுப்பிய நோயாளியிடமிருந்து யாருக்கும் நோய் தொற்றவில்லை. வாசலில் அவர்களுடைய அழுக்குத் துணியைக் கையில் வாங்கியவர்கள்தான் காய்ச்சலில் விழுந்தார்கள்.