தோழி வெளியே இருக்கட்டும்

ஓசூர் சிப்காட்டில் தமிழோடு கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியா பேசுகிறவர்களும் வேலை செய்கிறார்கள். கிளினிக்குக்கு வரும் பெண் தொழிலாளிக்கு நர்ஸ் கேட்பது புரியாதபோது, கூட வந்த விடுதித் தோழியே மொழிபெயர்க்கிறாள். தள்ளிப்போன மாதவிலக்கோ எச்.ஐ.வி. பரிசோதனையோ அடுத்த ஷிப்டுக்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிடலாம். அதற்குக் கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை. பயந்துபோனவள் மறுமுறை வரவே மாட்டாள். அதனால் முதலில் அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, தெரிந்த நாலு சொல்லிலாவது, "இவங்க கூட இருக்கலாமாம்மா?" என்று கேட்க வேண்டும். தயங்கினால், அவள் மொழி தெரிந்த ஊழியர் ஒருவரைப் போனிலாவது பேசவைக்கலாம். எச்.ஐ.வி. நிலையை ஒப்புதலின்றி வெளியிடுவதை, சில விதிவிலக்குகள் தவிர, 2017ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சூப்பர்வைசர் விசாரித்தால்? எத்தனை நாள் ஓய்வு தேவை என்பது மட்டும் அவருக்குப் போதும்.