துறவிகளின் தீவுக்கு எவ்வளவு தூரம்?

ஸ்காட்லாந்தின் வடக்கே, ஓர்க்னித் தீவுக்கூட்டத்தில், வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு சிறு தீவுகள் இருக்கின்றன. இரண்டிலும் விமான நிலையம் உண்டு. இடையே குறுகிய கடல். விமானம் கடக்கும் தூரம் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர். 1967 முதல் நடந்துவரும் இந்தச் சேவைதான் கால அட்டவணைப்படி பறக்கும் உலகின் மிகக் குறுகிய விமானப் பயணம்.

எட்டுப் பேர் அமரும் விமானம். விமானிக்கும் பயணிக்கும் நடுவே கதவு கிடையாது. விசைகளின் மேல் அவர் கை அசைவதைப் பின்னால் இருப்பவர் பார்க்கலாம். தரை விலகுகிறது, கடல் வருகிறது. கடல் விலகுகிறது, தரை வருகிறது. அவ்வளவுதான். கண்ணயர நேரமில்லை. எப்போது போய்ச் சேர்வோம் என்று ஏங்கவும் நேரமில்லை.

ஏக்கத்துக்கு இடமில்லாத பயணம்! நினைக்கும்போதே மனம் இளகுகிறது. நாமோ, அமைதி எங்கோ தொலைவில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். கடன் அடையட்டும், பிள்ளைகள் தலையெடுக்கட்டும், பிறகு அமைதியாக இருக்கலாம் என்று தள்ளிவைக்கிறோம். தள்ளிவைக்கத் தள்ளிவைக்க, அக்கரை நகர்ந்துகொண்டே போவதுபோல் தோன்றுகிறது. அக்கரை நகர்வதே இல்லை.

அந்தத் தீவுகளுக்கிடையே பறக்க வழக்கமாக ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம் ஆகும். காற்று துணையிருந்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 53 விநாடியில் பறந்ததும் உண்டு. எதிர்காற்று வீசினால் நேரம் கூடும். ஆனால் கடல் அதே கடல். தூரம் அதே தூரம்.

ஆசை நம் எதிர்காற்று. அதைக் கட்டிவைக்க யாரால் முடியும்? வீசட்டும். வீசும்போது, 'இது காற்று, இது தூரம் அல்ல' என்று மெல்ல நினைவூட்டிக்கொள்வோம். அந்த நினைவு வந்த கணமே பதற்றம் கொஞ்சம் தணிகிறது. தணிந்த மனத்துக்குக் கரை தெரிகிறது.

பாப்பா வெஸ்ட்ரே என்ற பெயருக்குள் ஒரு பழைய நார்ஸ் சொல் உறங்குகிறது. துறவிகளின் தீவு என்பது அதன் பொருள். விமானம் இல்லாத காலத்தில் கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள். கரையேறியதும் தேடல் முடிந்துவிட்டதா? அங்கும் காற்று வீசியிருக்கும். அங்கும் ஒவ்வொரு விடியலிலும், ஒவ்வோர் அந்தியிலும், புதிதாக அமர்ந்து மனத்தை அடக்கியிருப்பார்கள். ஒருமுறை சேர்ந்துவிட்டு ஓய்ந்துவிடும் பயணமல்ல அது. அந்தச் சிறு விமானமும் அப்படித்தான். போகிறது, வருகிறது, மறுபடியும் போகிறது.

இன்று அந்தி சாயும் வேளையில் இரண்டு நிமிடம் கண்மூடி அமர்வோம். மூச்சு போகட்டும், வரட்டும். நாளையும் காற்று வீசும். நாளையும் அமர்வோம்.