முத்தின் கருவும் விளக்கத்தின் தெளிவும்

ஓர் அறிவியல் விளக்கம் தெளிவாக இருந்தால் அது உண்மையாகிவிடுமா? மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களை, அதாவது முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளைப் பற்றி எழுந்த விவாதம் இக்கேள்வியை நேராக முன்வைக்கிறது.

சிப்பிக்குள் விழுந்த மழைத்துளியே முத்தாகிறது என்பது பழைய நம்பிக்கை. 1850-களின் இறுதியில் இலங்கைப் பார்களை ஆய்ந்த கெலார்ட், ஒட்டுண்ணிப் புழுக்கள் காரணமாகலாம் என்றார். 1902-இல் அங்கு ஆய்வைத் தொடங்கிய ஹெர்ட்மனும் ஜேம்ஸ் ஹார்னெலும் அக்கருத்தை முழுக் கோட்பாடாக வளர்த்தனர். அவர்களுடைய அறிக்கையை ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. அக்கோட்பாட்டின்படி, நாடாப்புழுவின் இளம்பருவம் சிப்பியின் உடலில் தங்குகிறது. அதைச் சுற்றி உயர்ந்த முத்து படிகிறது. அதே புழு திருக்கையின் உடலில் முதிர்கிறது. தொடக்கமும் முடிவும் உள்ள இந்த விளக்கம் எவருக்கும் எளிதில் புரிந்தது.

1912-இல் லிஸ்டர் ஜேம்சன் இதை மறுத்தார். ஐரோப்பிய மட்டிகளில் முத்து விளையப் புழுவே காரணம் என 1902-இல் எழுதியவரும் அவர்தான். எனவே அவருடைய மறுப்பு புழுவைப் பற்றியதன்று, சான்றைப் பற்றியது. இலங்கை முத்துகளின் நடுவில் புழு இருந்ததற்குக் காட்டப்பட்ட சான்று போதாது என்பதே அவர் வாதம்.

இவ்வகைக் குறையைத் தமிழ் மரபும் அறியும். மணிமேகலையில் அறவண அடிகள் கற்பிக்கும் அளவையியலில் ஏதுப்போலி இடம்பெறுகிறது. காரணம் போலத் தோன்றியும் முடிவை நிறுவாதது அது. முத்து உள்ள சிப்பியிலும் இல்லாத சிப்பியிலும் புழு காணப்படுமானால், புழு இருப்பதை மட்டும் கொண்டு முத்தின் பிறப்பை நிறுவ இயலாது.

முத்து எப்படிப் பிறக்கிறது என்பதற்கான விடை செய்முறையிலிருந்து வந்தது. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சுவாமி, முத்துச்சிப்பிக்குள் ஒரு மணியையும் மற்றொரு சிப்பியின் மேலுறைத் துண்டையும் சேர்த்து வைத்து முத்து விளைவித்தார். துண்டின் செல்கள் பெருகி மணியைச் சூழ்ந்து ஒரு பையாகின்றன. அந்தப் பைதான் முத்துப் பொருளைச் சுரக்கிறது. ஜப்பானில் முன்பே கண்டறியப்பட்டிருந்த இம்முறை, உள்ளே நுழையும் பொருளைவிடச் சுரக்கும் திசுவே இன்றியமையாதது எனக் காட்டியது.

ஆகவே தெளிவு உண்மைக்குச் சான்றாகாது. ஆயினும் அது வெறும் அலங்காரமும் அன்று. ஹெர்ட்மனும் ஹார்னெலும் எந்தப் புழு, எந்த இடம், எந்த மீன் என்று திட்டமாக எழுதியதால்தான் ஜேம்சனால் எங்கே சோதிப்பது என்று அறிய முடிந்தது. மங்கலாக எழுதிய கோட்பாட்டை மறுக்கவும் வழியில்லை, திருத்தவும் வழியில்லை. தெளிவாக எழுதுவது, பிழை இருந்தால் பிறர் கண்டுபிடிக்க இடம் கொடுக்கும் நேர்மை.