பறிக்கப்பட்ட புத்தகம்

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1988-ஆம் ஆண்டு மகளிரியல் ஆய்வுப் பள்ளி தொடங்கப்பட்டது. 'ஆன்மாவில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை என்பதே வேதாந்தம். அவ்வாறிருக்க, மகளிரியல் என்று தனிப் படிப்பு எதற்கு? மாணவர்கள் அதனால் பெறும் பயன் என்ன?' என்று பக்தர்கள் சிலர் வினவலாம். நியாயமான கேள்விதான். அதற்கான விடை நம் அன்னையின் வாழ்விலேயே உள்ளது.

அன்னை ஸ்ரீசாரதாதேவியார் காமார்புகூரில் வாழ்ந்த நாட்களில், ஸ்ரீராமகிருஷ்ணரின் அண்ணன் மகள் லட்சுமியுடன் சேர்ந்து, வித்யாசாகர் இயற்றிய 'வர்ண பரிசய' என்னும் அரிச்சுவடியைப் படித்துவந்தார். அதைக் கண்ட உறவினர் ஹிருதயர், படித்தால் பெண்கள் நாவலும் நாடகமும் வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று கூறி, அன்னையின் புத்தகத்தைப் பறித்துவிட்டார். அன்னை ஓரணா கொடுத்து ரகசியமாக வேறொரு பிரதி வாங்கினார். பாடசாலை சென்றுவந்த லட்சுமி அவருக்குக் கற்பித்தாள். பின்னர் தட்சிணேசுவரத்தில், கங்கையில் நீராட வந்த ஒரு பெண்ணிடம் பாடம் கேட்டு, கைம்மாறாகக் கீரையும் காய்கறியும் அளித்தார்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹிருதயர் கொடியவர் அல்லர். ஸ்ரீராமகிருஷ்ணருக்குப் பல்லாண்டு பணிவிடை செய்தவர், தேவியைப் பூஜித்தவர். அத்தகையவரின் கண்ணையும் வழக்கம் மறைத்தது. தீயோர் செய்யும் அநீதியை எவரும் காண்பர். நல்லோர் வழக்கத்தின் பெயரால் செய்யும் அநீதியைக் காண்பதற்குப் பயிற்சி தேவை. மகளிரியல் மாணவர்களுக்கு அளிக்கும் முதற்பயன் அதுவே.

நம் வீட்டில் கடைசியாக உண்பவர் யார்? வறுமை வந்தால் யாருடைய படிப்பு முதலில் நிறுத்தப்படுகிறது? யாருடைய உழைப்பு உழைப்பாகவே எண்ணப்படுவதில்லை? இக்கேள்விகளைக் கேட்கப் பழகும் மாணவி தன் தாயைப் புதிதாக அறிகிறாள்; மாணவனோ தன்னையே அறிகிறான். பிறரைக் குறைகூற மட்டும் இக்கல்வி பயன்படுமானால் அது பாதிக் கல்வியே. தன் கையிலும் யாரிடமிருந்தோ பறித்த புத்தகம் இருக்கிறதா என்று பார்க்கச் செய்வதே முழுக் கல்வி. அது சாதனையும் ஆகும். ஆன்மாவில் பேதமில்லை என்று நாவால் சொல்வதற்கும், அதன்படி வாழ்வதற்கும் உள்ள இடைவெளி அப்போதுதான் புலனாகும்.

பெண்களுக்குக் கல்வி அளித்தால் போதும், தங்கள் பிரச்சினைகளை அவர்களே தீர்த்துக்கொள்வார்கள் என்பது சுவாமி விவேகானந்தரின் உறுதி. 1898 நவம்பர் 13 அன்று, கொல்கத்தாவின் பாக்பஜாரில் சகோதரி நிவேதிதையின் பெண்கள் பள்ளி தொடங்கியது. பூஜை செய்து, ஆசி வழங்கி அதனைத் தொடங்கிவைத்தவர், அன்று புத்தகம் பறிக்கப்பட்ட அதே அன்னை.