கடன் காலாவதியாகுமா?

கடை வைத்திருப்போர், நிலம் வாங்கி விற்போர், கைமாற்றுக் கொடுத்து வாங்குவோர் ஆகிய எல்லாரும் அறிந்த சொல் 'காலாவதி'. புரோநோட்டு எழுதி மூன்று ஆண்டுகள் கடந்தும் வழக்குத் தொடுக்கவில்லை. இடையில் கடன்பட்டவர் ஒரு தொகையைச் செலுத்தி நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையொப்பமிடவும் இல்லை என்றால், அந்த நோட்டைக் கொண்டு கோர்ட்டில் பணம் பெற முடியாது. இது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் வகுத்த விதி. "மூன்று வருஷம் இழுத்துவிடு, அப்புறம் அவர் என்ன செய்ய முடியும்?" என்று கடனாளிக்கு யோசனை சொல்பவர்களும் உண்டு. ஜமாஅத் தொழுகையில் முன் ஸஃப்பைத் தவறவிடாதவர்களின் வாயிலும் இந்த யோசனை வருவதுதான் வேதனை.

கோர்ட்டின் கதவு மூடிவிட்டால், அல்லாஹ்விடத்திலும் அந்தக் கடன் தீர்ந்துவிடுமா?

சட்டத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. வழக்குகளுக்கு எங்காவது ஒரு முடிவு வேண்டும். சாட்சிகள் மவுத்தாகி விடுகிறார்கள். பத்திரங்களைக் கறையான் அரித்து விடுகிறது. 'உன் பாட்டனார் நாற்பது வருஷத்துக்கு முன் வாங்கிய கடன்' என்று ஒருவர் பேரனின் வாசலில் வந்து நின்றால், மெய் எது, பொய் எது என்று எந்த நீதிபதி பிரித்தறிவார்? முஸ்லிம் ஆட்சிகளும் இதை உணர்ந்தே இருந்தன. ஹனஃபி மத்ஹபின்படி உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் சட்டநூல், பொதுவான கடன் வழக்குகளைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் விசாரிக்கலாகாது என்றது. வக்ஃபின் மூலச் சொத்தைப் பற்றிய வழக்குக்கு 36 ஆண்டுகள் தவணை தந்தது. ஆனால் அதே மஜல்லாவின் 1674ஆம் பிரிவைப் பாருங்கள்: காலம் கடந்ததால் ஹக்கு அழிந்துவிடாது, 'ஆம், நான் தரவேண்டியது உண்மை' என்று எதிர்வாதி காஜியின் முன் ஒப்புக்கொண்டால், எத்தனை ஆண்டுகள் கடந்திருந்தாலும் அவர் கொடுத்தே தீரவேண்டும். கதவு மூடப்படுவது சாட்சியம் மங்கிப்போன காரணத்தால்தான். உண்மை தெரிந்துவிட்டால் மூடிய கதவும் திறந்துகொள்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. வழக்காடும் வழியைத்தான் காலம் அடைக்கிறது, கடனை அன்று என்பது நீதிமன்றங்கள் ஏற்ற கொள்கை. அதனால்தான் காலாவதியான கடனைத் தருவதாகப் புதிதாக எழுதிக் கையொப்பமிட்டால் அது செல்லும் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவில் இடம் வைத்திருக்கிறது. இல்லாத கடனுக்கு யார் எழுதிக் கொடுப்பார்?

உம்மு ஸலமா (ரலி) அன்னை அறிவிக்கும் ஹதீதை நாம் பலமுறை கேட்டிருப்போம். வாதத் திறமையால் ஒருவர் தம் சகோதரரின் உரிமையைத் தம் பக்கம் தீர்ப்பாகப் பெற்றுக்கொண்டால், அவர் பெற்றது நெருப்புத் துண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அண்ணலாரின் தீர்ப்பே பிறர் பொருளை ஹலாலாக்காது என்றால், வக்கீல் காட்டும் தேதிக் கணக்கு ஆக்கிவிடுமா? மூன்று தீனார் கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாத் தொழுகையை நடத்த அண்ணலார் முன்வரவில்லை; அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனை ஏற்ற பிறகே தொழவைத்தார்கள்.

இங்கே ஒரு வேறுபாடு முக்கியம். இல்லாதவர் வேறு, இருந்தும் இழுப்பவர் வேறு. நெருக்கடியில் இருப்பவருக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கும்படியும், தர்மமாக விட்டுவிடுவது இன்னும் மேல் என்றும் திருக்குர்ஆன் (2:280) கூறுகிறது. கனிகள் அழிந்து கடனில் மூழ்கிய ஒருவருக்காக அண்ணலார் தர்மம் திரட்டினார்கள். அதுவும் போதாதபோது, இருப்பதை எடுத்துக்கொள்ளும்படி கடன் கொடுத்தவர்களிடம் கூறினார்கள். ஆனால் விட்டுக் கொடுப்பது கடன் கொடுத்தவரின் கையில் உள்ளது. கடன்பட்டவர் காலண்டரைக் கிழித்துத் தாமே அதை எடுத்துக்கொள்ள முடியாது.

நிலத்தில் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உரிமையாளருக்கு எதிராகப் பன்னிரண்டு ஆண்டுகள் பகிரங்கமாக ஒருவர் நிலத்தை அனுபவித்து வந்தால், உரிமையாளரின் உரிமையே அழிந்துபோகிறது. அவ்வாறு அனுபவித்தவர் தாமே வாதியாக வழக்குத் தொடுக்கலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவரின் கழுத்தில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்ற நபிமொழியில் பன்னிரண்டு ஆண்டுத் தவணை ஏதும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் மனையில் வேலியை நகர்த்தியவரும், சகோதரிக்குரிய பாகத்தைப் பிரித்துத் தராமல் காலத்தை ஓட்டியவரும் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

வக்ஃபுச் சொத்துகளுக்கு இந்தக் காலவரையறை முன்பு பொருந்தாதிருந்தது. ஆக்கிரமிக்கப்பட்ட வக்ஃபு நிலத்தை மீட்க எப்போது வேண்டுமானாலும் வழக்குத் தொடுக்கலாம் என்று 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு பாதுகாப்புத் தந்தது. 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதை மாற்றி, காலவரையறைச் சட்டம் வக்ஃபுக்கும் பொருந்தும் என்றாக்கிவிட்டது. 15-9-2025 அன்று வேறு சில பிரிவுகளை இடைக்காலமாக நிறுத்திவைத்த உச்ச நீதிமன்றம் இதை நிறுத்தவில்லை. இதனால் சமுதாயம் கலங்குவது நியாயமே.

ஆனால் பள்ளிவாசல் கடையில் பாட்டனார் காலத்து வாடகையோடு அமர்ந்திருப்பவர் யார்? தர்ஹா நிலத்தில் வீடு கட்டிக்கொண்டவர் யார்? அந்நியர்களும் இருக்கலாம், நம்மவர்களும் இருக்கிறார்களே! வாடகைப் பாக்கிக்கு வழக்குத் தொடுக்கும் காலம் மூன்று ஆண்டுகளே. பத்து ஆண்டுகள் வாடகை தராதவரிடம் முத்தவல்லி கோர்ட் வழியாகப் பெறக்கூடியது மூன்று ஆண்டுப் பாக்கிதான். மீதி ஏழு ஆண்டுப் பாக்கியை எந்தக் கோர்ட்டும் கேட்காது. அது வாகிஃபு எந்த ஏழைக்காக எழுதிவைத்தாரோ அந்த ஏழையின் பணம்.

கொடுக்க நினைக்கும் சிலர், கடன் கொடுத்தவர் இறந்துவிட்டாரே, என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அவருடைய வாரிசுகளைத் தேடிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால், அவர் பெயரால் தர்மம் செய்துவிடும்படி உலமாக்கள் கூறியுள்ளனர். பின்னர் வாரிசு யாரேனும் வந்து கேட்டால் அவருக்கு மறுக்கக் கூடாது. வக்ஃபின் பாக்கிக்கு இந்தத் தேடலும் தேவையில்லை. பள்ளி நிர்வாகியிடம் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளலாம்.